ஒற்றைக் கையுடன் ஆறு வாரங்கள்

நோயாளியைப் பார்க்கச் செல்வதன் சிறப்பைப் பற்றி ஜும்ஆ மிம்பரிலும் வகுப்பறையிலும் பல வருடங்களாகப் பேசி வருகிறேன். ஆனால் நோயாளியாகக் கிடந்துகொண்டு, பார்க்க வருகின்றவர்களைப் பார்க்கும் சந்தர்ப்பம் 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில்தான் எனக்குக் கிடைத்தது. வலது பக்கக் காறை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியபடி ஆறு வாரங்கள் வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் நான் கண்டவற்றை, குறிப்பாக என் வீட்டுப் பெண்களிடம் கண்டவற்றை, குடும்பத் தலைவிகள் வாசிக்கும் இந்தச் சஞ்சிகையில் எழுதிவைப்பது பயன் தரும் என்று எண்ணுகிறேன். ஒரு வீட்டில் ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்கி நிறுத்தும் வேலை பெரும்பாலும் சகோதரிகளாகிய உங்கள் கைகளில்தானே வந்து சேர்கிறது!

வீதிக்கு வந்த சைக்கிள்கள்

எங்கள் ஊர் அக்கரைப்பற்று. 2022 ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் நாட்டில் எரிபொருள் இல்லாமற்போன நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் நிலையங்களின் முன்னால் மோட்டார் சைக்கிள்கள் இரவு பகலாக வரிசையில் கிடந்தன. அந்த நாட்களில் வளவின் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் மீண்டும் வீதிக்கு வந்தன. நானும் என் வாப்பா பாவித்த பழைய சைக்கிளைத் திருத்தி எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போகத் தொடங்கினேன்.

பின்னர் கியூ.ஆர். முறை வந்து பெற்றோல் ஒழுங்காகக் கிடைத்தபோதும் எங்களில் சிலர் சைக்கிளை விடவில்லை. சீனி வருத்தம் உள்ள இருவருக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. மற்றவர்களுக்குப் பழகிப் போய்விட்டது. ஆசிரியர்கள் ஐந்து பேர், பேக்கரி வைத்திருக்கும் என் மச்சான் ஒருவர், தபாற் சேவகர் ஒருவர், ஊர் இளைஞர்கள் இருவர் என்று ஒன்பது பேர் சேர்ந்துகொண்டோம். சனிக்கிழமைகளில் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, ஒலுவில், நிந்தவூர் என்று போய் வெயில் ஏறுவதற்கு முன்னர் திரும்பி வருவோம்.

அந்தச் சனிக்கிழமை பொத்துவில் வரை போவதென்று தீர்மானம். அக்கரைப்பற்றிலிருந்து 40 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பொத்துவிலில் காலைச் சாப்பாடு, ஓய்வு, ளுஹர் தொழுகை. பின்னேரம் சைக்கிள்களை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவது. முதல் நாளிரவு என் மனைவி போத்தல்களில் தண்ணீரும், ஈச்சம்பழமும், உப்புச் சீனி கரைத்த எலுமிச்சைச் சாறும் தயார் செய்து வைத்தார். "காத்து மூஞ்சிக்கு நேரதான் அடிக்கும், மெதுவாப் போங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். கிழக்கில் இருப்பவர்களுக்கு ஓகஸ்ட் மாதத்துக் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நெல்லின் மேல் ஓடிய சில்லு

சிறுபோக அறுவடைக் காலம் அது. வயல்களில் வெட்டிய நெல்லை வீதியோரத்தில், தாரின் மேல் பரப்பிக் காயவைப்பது எங்கள் பகுதியில் வழக்கம். காயவைக்கும் களம் எல்லாருக்கும் இல்லை. தார் சூடாக இருக்கும். நெல் விரைவாகக் காயும். திருக்கோவிலைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனபோது பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்தது. நாங்கள் ஒருவர் பின் ஒருவராக ஓரத்துக்கு ஒதுங்கினோம். என் முன் சில்லு நெல்லின் மேல் ஏறியது. தாரின் மேல் கிடக்கும் நெல், மணலைவிட வழுக்கும். சைக்கிள் இடது பக்கம் சரிய, நான் வலது பக்கம் தோளில் விழுந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். அது என் காதுக்கு வெளியில் இருந்து வரவில்லை, உள்ளே இருந்து வந்தது.

இரண்டு பேர் ஓடிவந்து என் அக்குளுக்குள் கைபோட்டுத் தூக்கப் பார்த்தார்கள். எங்களோடு வந்த உடற்கல்வி ஆசிரியர் தூரத்திலிருந்தே, "தூக்காதீங்க! அப்படியே இருக்கட்டும்!" என்று சத்தம் போட்டார். பக்கத்தில் வந்து குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தலை அடிபட்டதா? கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியதா? கழுத்து நோகிறதா? மூச்செடுக்கக் கஷ்டமா? விரல்கள் மரத்துப் போகின்றனவா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற பிறகுதான் என்னை மெதுவாக நிமிர்ந்து உட்கார வைத்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் தோலின் கீழே எலும்பு மேலெழுந்து நின்றது. "காறை எலும்பு மௌலவி. சைக்கிளில் விழுகிறவர்களுக்கு அதிகமாக முறிகிற எலும்பு இதுதான். கையைத் தொங்க விடாமல் நெஞ்சோடு பிடிச்சுக்கொள்ளுங்க" என்றார்.

அந்த நெல்லுக்குச் சொந்தக்காரி அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண்மணி. நெல் கிண்டும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர், "ஐயோ தம்பி, எங்கட நெல்லெல்லோ உங்களை விழுத்திப்போட்டுது" என்று அழத் தொடங்கிவிட்டார். "அம்மா, நெல்லு காயத்தானே வேணும். நீங்க அழாதீங்க" என்று நான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. தூக்கிக் கட்டத் துணி ஏதும் இருக்கிறதா என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்டதும், அவர் வீட்டுக்குள் போய்த் துவைத்து மடித்து வைத்திருந்த பருத்திச் சேலை ஒன்றை எடுத்துவந்தார். பழையதுதான், ஆனால் உடுத்தக்கூடிய சேலை. நாங்கள் வேண்டாமென்று சொல்வதற்குள் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டார். அதை முக்கோணமாக மடித்து, முழங்கையைத் தாங்கும்படி கழுத்தோடு கட்டியதும் வலி பாதியாகக் குறைந்தது.

வீட்டுக்குப் போன செய்தி

இதற்கிடையில் இன்னொரு விபத்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் இளைஞர்களில் ஒருவர் பதற்றத்தில் தன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "மௌலவிக்கு அக்சிடன்ட்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்த இரண்டு சொற்கள் ஊருக்குள் நடந்துபோக ஐந்து நிமிடம்தான் எடுத்தன. என் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது அவை, "மௌலவி பஸ்சில அடிபட்டுட்டாராம், பேச்சு மூச்சில்லையாம்" என்று வளர்ந்திருந்தன. என் மனைவி தையல் மெசினில் இருந்தவர். எழும்பப் பார்த்துக் கால் ஏலாமல் அப்படியே இருந்துவிட்டாராம். என் உம்மா முற்றத்தில் விழுந்து அழுதிருக்கிறார்.

உடற்கல்வி ஆசிரியர் தன் தொலைபேசியை என் இடது காதில் வைத்தார். "நீங்களே கதையுங்க மௌலவி. குரல் கேட்டாத்தான் வீட்டில நம்புவாங்க" என்றார். நான், "நான்தான் கதைக்கிறன். தலைக்கு ஒண்டுமில்ல. தோள்ல எலும்பு ஒண்டு முறிஞ்சிருக்கும் போல. ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்றேன். மறுபக்கத்தில் சத்தமில்லை. பிறகு, "நீங்கதானா கதைக்கிறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஓம்" என்றேன். "சாப்பிட்டீங்களா?" என்றார். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அவருக்கு உயிர் திரும்பியது எனக்கு விளங்கியது.

சகோதரிகளே, இதை ஒரு பாடமாகச் சொல்லி வையுங்கள். விபத்தொன்றில் காயப்பட்டவருக்குப் பேச முடியுமாக இருந்தால் முதல் செய்தியை அவரே வீட்டுக்குச் சொல்லட்டும். முடியாவிட்டால் பொறுப்பான ஒருவர், வீட்டில் திடமான ஒருவரிடம், யாருக்கு, எங்கே, என்ன காயம், எந்த வைத்தியசாலை என்பதை முழு வசனங்களாகச் சொல்லட்டும். அரைச் செய்தி, முழு விபத்தைவிடக் கொடியது.

நாங்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்துப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் சேவை அது. வண்டி வரும்வரை அந்த அம்மா எனக்கு வெயில் படாமல் நெல்லுச் சாக்கு ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். என் சைக்கிளுக்கு ஒரு கீறலும் இல்லை. அதை அவருடைய வீட்டிலேயே சாத்தி வைத்தோம்.

அரசாங்க வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த இளம் பெண் டொக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பு நடுப்பகுதியில் முறிந்திருக்கிறது. இந்த எலும்பின் முறிவுகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஏற்படுகின்றன. சத்திர சிகிச்சை இல்லாமலே அநேகமானவை பொருந்திவிடும். ஆறு வாரங்கள் பாரம் தூக்கக்கூடாது. கை தூக்குக் கட்டில் இருந்தாலும் விரல்களையும் மணிக்கட்டையும் அடிக்கடி அசைக்க வேண்டும். முழங்கையையும் நாளுக்குப் பல தடவை மடக்கி நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவை இறுகிவிடும். கை குளிர்ந்து வெளிறினாலோ, விரல்கள் மரத்தாலோ, மூச்செடுக்கச் சிரமமாக இருந்தாலோ, எலும்பின் மேல் தோல் வெளிறி இழுபட்டாலோ உடனே வர வேண்டும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. பின்னால் வந்து சேர்ந்த என் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார். யாரிடம் சொன்னால் வேலை நடக்கும் என்று டொக்டர்மாருக்குத் தெரியும்.

ஒரு கை வாழ்க்கை

ஒரு மனிதனுக்கு இரண்டு கைகள் எதற்கு என்பது ஒரு கை ஓய்ந்தால்தான் தெரியும். சாரம் உடுக்க ஏலாது. பற்பசை மூடி திறக்க ஏலாது. நேராகப் படுத்தால் எலும்பு குத்தும்; இரண்டு வாரங்கள் சாய்மனைக் கதிரையில்தான் நித்திரை. என் மனைவி தையற்காரி என்பது அப்போது பெரும் உதவியாயிற்று. என் இரண்டு சேட்டுகளின் வலது பக்கத் தையலை அக்குள் வரை பிரித்து, பிரஸ் பட்டன் வைத்துத் தந்தார். கையை உயர்த்தாமலே உடுக்கவும் கழற்றவும் முடிந்தது. சாதாரண சேட்டாக இருந்தால், உடுக்கும்போது காயப்பட்ட கையை முதலில் போட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். சிறிய விடயம்தான், ஆனால் தெரியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கண்ணீர் வரும்.

வுழூச் செய்யும்போது அவரோ மகளோ தண்ணீர் ஊற்றினார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் வுழூச் செய்தபோது முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்கள் தண்ணீர் ஊற்றியதை ஹதீஸ் பாடத்தில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். ஸுஜூதுக்குக் குனியும்போது தோள் கிழிபடுவது போல் இருந்ததால் முதல் இரண்டு வாரங்கள் கதிரையில் இருந்து சைகையால் தொழுதேன். நபி (ஸல்) அவர்கள் குதிரையிலிருந்து விழுந்து வலது பக்கம் காயமடைந்து, பார்க்க வந்த ஸஹாபாக்களுக்கு உட்கார்ந்தபடி தொழுவித்த சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. வாகனத்திலிருந்து விழுவதும், வலது பக்கம் காயப்படுவதும், பார்க்க ஆட்கள் வருவதும் புதிய விடயங்கள் அல்ல என்பது மனதுக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

சாப்பாட்டு விடயத்தில்தான் பெரிய விவாதம் எழுந்தது. நான் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சோறு தின்னத் தொடங்கிய முதல் நாள், ஆறு வயது மகன் எனக்கு முன்னால் வந்து நின்று, "வாப்பா, இடக்கையால தின்னக் கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனைப் பக்கத்தில் இருத்தி, ஏலாதவர்களுக்கு மார்க்கம் சலுகை வைத்திருக்கிறது, நோயோ காயமோ காரணமாக இருந்தால் அதில் குறையில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களே எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். அவன் இமாம் நவவியை ஏற்றுக்கொண்டானோ தெரியாது. அன்றிரவு முதல் தன் சோற்றைத் தின்றுவிட்டு எனக்கும் தன் வலது கையால் ஊட்டத் தொடங்கினான். பாதிச் சோறு தாடியில்தான். இருந்தாலும் அந்த ஆறு வாரங்களில் நான் தின்ற மிகச் சுவையான சோறு அதுதான்.

41 பேரும் ஒரு கேத்தலும்

இனி, பார்க்க வந்தவர்களைப் பற்றி. எங்கள் சமூகத்தில் நோய் விசாரிப்பது ஓர் அமல். அது அழிந்துவிடக் கூடாது. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வருகின்றவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்தாள். முதல் வெள்ளிக்கிழமை மட்டும் 41 பேர். வந்தவர்கள் அன்போடு வந்தார்கள், துஆச் செய்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 41 பேருக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் பிஸ்கட்டும் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான் எப்படி விழுந்தேன் என்ற கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சிலர் முறிந்த எலும்பால் வாழ்நாள் முழுதும் ஏலாமற்போன தங்கள் உறவினர்களின் வரலாறுகளையும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிரவு கடைசி ஆள் போன பிறகு என் மனைவி கதவைச் சாத்திவிட்டு, "இஞ்சாருங்க, உங்கட எலும்பு ஒண்டுதான் முறிஞ்சிச்சு, எனக்கு இடுப்பே முறியப் போகுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய தையல் மெசின் ஏழு நாட்களாக மூடிக் கிடந்தது. பாடசாலைச் சீருடை தைக்க ஒத்துக்கொண்ட துணிகளை அடுத்த நாள் மூன்று வீடுகளுக்குத் திருப்பி அனுப்பினார். எனக்குச் சம்பளத்துடன் லீவு இருந்தது. அவருக்கு எந்த லீவும் இல்லை. ஸப்ர் என்று நாம் பேசும்போது படுக்கையில் கிடப்பவரைத்தான் நினைக்கிறோம். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் அதிகமாக ஸப்ர் செய்தவர் அடுப்படியில் நின்றார்.

மறுநாள் மச்சானிடம் சொல்லி, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வந்தால் வசதி என்று பள்ளியில் அறிவிக்கச் செய்தோம். யாரும் கோபிக்கவில்லை. நோய் விசாரிக்கச் சென்றால் நீண்ட நேரம் இருக்கலாகாது என்பதை மார்க்க அறிஞர்கள் அதன் ஒழுக்கங்களில் ஒன்றாகவே எழுதியுள்ளனர்.

எங்களுக்கு உண்மையில் பாரம் குறைத்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவர் உள்ளே வரவே இல்லை. காலையில் வேலிக்கு மேலால் கஞ்சிப் பாத்திரத்தைத் தந்துவிட்டு, ஊறப்போட்ட உடுப்பு வாளியை வாங்கிக்கொண்டு போனார். பின்னேரம் உடுப்பு காய்ந்து மடித்து வந்தது. ஒரு கணித ஆசிரியர் வாசலில் நின்றபடியே, "பிள்ளைகளை ஸ்கூலுக்கு நான் ஏத்திப் போறன் மௌலவி, எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார். 'ஏதாவது தேவையெண்டா சொல்லுங்க' என்று சொன்னவர்கள் பலர். அவர்களிடம் எதையும் கேட்க மனம் வரவில்லை. நேரத்தைக் கேட்டவரிடம் நேரத்தைச் சொல்வது இலகுவாக இருந்தது.

உம்மாவின் பயம்

என் உம்மாவுக்கு எக்ஸ்ரேயில் நம்பிக்கையில்லை. இத்தனை நாளாக ஒரு பத்தும் கட்டவில்லை, எண்ணெய் போட்டு உருவவில்லை, எலும்பு எப்படிப் பொருந்தும் என்பது அவருடைய கவலை. "மனே, கட்டை அவிழ்த்துக் காட்டுவம்" என்று தினமும் சொன்னார். இரண்டாவது வாரம் தூரத்து உறவினரான முறிவு வைத்தியர் ஒருவரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அந்த முதியவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோளைத் தொடவில்லை. "ராத்தா, இது நேராத்தான் இருக்கு. பொருந்தத் தொடங்கின எலும்பை உருவினா விலகும். டொக்டர் சொன்னபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். தன் வேலை எங்கே இல்லை என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல வைத்தியர். உம்மாவின் மனம் அமைதியடைந்தது.

ஆனால் அந்தப் பயம் வேறொரு பக்கமாகத் திரும்பியது. மகள் இரண்டு வருடங்களாகச் சைக்கிளில்தான் பாடசாலைக்குப் போய் வந்தாள். "ஆம்புளையே விழுந்து முறிஞ்சு கிடக்கிறான். பொம்புளப் புள்ளைக்கு இனி சைக்கிள் வேணாம்" என்றார் உம்மா. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மகளும் பேசவில்லை. மச்சானோ கணித ஆசிரியரோ ஏற்றிப்போகாத நாட்களில் வெயிலில் நடந்து வரத் தொடங்கினாள். ரியூசனுக்குப் பிந்தினாள். நான்காவது வாரம் அவளைக் கூப்பிட்டு, "பயமா மகள்?" என்று கேட்டேன். "பயமில்ல வாப்பா. நான் சைக்கிள எடுத்தா உம்மும்மா அழுவா" என்றாள்.

பதில் சொன்னவர் என் மனைவி. அன்றிரவு உம்மாவுக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்தபடி, "மாமி, உங்கட மகன் விழுந்தது நெல்லுல. இவள் போற பாதையில நெல்லுமில்ல, பஸ்சுமில்ல. நடந்து வரக்குள்ள இவள் வெயில்ல வாடி வாறாள், அதையும் பாருங்க" என்றார். உம்மா வெற்றிலையை மென்றபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், "அந்த உடுப்பு சில்லுக்குள்ள போகாம ஏதும் செய்ங்க" என்றார். அது சம்மதம்தான். பின் சில்லின் இரண்டு பக்கமும் வலை கட்டி, செயினுக்கு மூடி போட்டு, பிரேக் கட்டைகளை மாற்றினோம். முதல் நாள் மகள் படலையால் வெளியேறும்போது உம்மா பார்க்காமல் உள்ளே போய்விட்டார். திரும்பி வரும் நேரத்துக்கு முன்னதாகவே படலையில் வந்து நின்றார். இப்போது நிற்பதில்லை.

சுவரில் ஏறிய விரல்கள்

ஆறு வாரங்கள் முடிந்து மீண்டும் எக்ஸ்ரே எடுத்தபோது முறிந்த இடத்தைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. கட்டை அவிழ்த்ததும் கை பழையபடி உயரும் என்று எண்ணுவோம். உயராது. ஆறு வாரங்கள் வேலையில்லாமல் இருந்த தோள் இறுகிப் போயிருக்கும். சுவருக்கு நேரே நின்று விரல்களை நடக்கவிட்டு, ஏறக்கூடிய உயரம் வரை ஏற்ற வேண்டும் என்று உடற்பயிற்சி சிகிச்சையாளர் காட்டித் தந்தார். மகள் ஒவ்வொரு நாளும் நான் தொட்ட உயரத்தில் பென்சிலால் கோடு போட்டாள். முதல் நாள் கோடு என் நெஞ்சளவில். சில நாட்கள் கோட்டுக்கு மேல் கோடு ஏறவில்லை, அதே இடத்தில் இரண்டு, மூன்று கோடுகள் விழுந்தன. அந்த நாட்களில்தான் மனம் சோர்ந்தது. கோடு கதவு நிலைக்கு மேலே போக ஏறக்குறைய இரண்டு மாதங்கள் சென்றன. அந்தச் சுவருக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

பாடசாலைக்குத் திரும்பியபோதும் கரும்பலகையில் எழுத ஏலவில்லை. நான் சொல்ல, மாணவர்கள் முறைவைத்து எழுதினார்கள். வகுப்பில் ஒருநாளும் கையுயர்த்தாத ஒரு பையனுக்கு அவ்வளவு அழகான அறபுக் கையெழுத்து இருந்தது அப்போதுதான் வகுப்புக்குத் தெரிந்தது. கை குணமான பின்னரும் பலகையில் அவன்தான் எழுதினான்.

சைக்கிளில் ஏற டொக்டர் அனுமதித்தது மூன்று மாதங்களுக்குப் பிறகு. அதற்கு முன்னரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அந்தச் சேலைத் துண்டைத் துவைத்து, புதிய பருத்திச் சேலை ஒன்றையும், தன் கையால் சுட்ட பலகாரத்தையும் எடுத்துக்கொண்டு, சாத்தி வைத்த சைக்கிளை எடுக்கத் திருக்கோவிலுக்கு வந்தார். அந்த அம்மா புதிய சேலையை வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். பழைய துண்டை மட்டும் திருப்பித் தந்து, "இது உங்கட வண்டியில கிடக்கட்டும். ஆருக்கும் உதவும்" என்றார். திரும்பும்போது பார்த்தோம்: அவருடைய படலையில் சாக்குத் துண்டொன்றைச் சிவப்புக் கொடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நெல் காயும் நாட்களில் அதை வீதியோரத்தில் தடியில் நட்டு வைப்பாராம்.

எங்கள் ஒன்பது பேரும் இன்றும் சனிக்கிழமைகளில் போகிறோம். அறுவடைக் காலத்தில் நெல் கண்ட இடத்தில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறோம். ஒவ்வொருவருடைய சட்டைப் பையிலும் பெயர், இரத்த வகை, பாவிக்கும் மருந்து, வீட்டில் முதலில் அழைக்க வேண்டியவரின் இலக்கம் எழுதிய அட்டை இருக்கிறது. யாருக்காவது ஏதும் நடந்தால் வீட்டுக்குப் பேசுகின்றவர் யார் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். மற்ற எவரும் தொலைபேசியைத் தொடக்கூடாது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பருத்திச் சேலை இருக்கும். அதில் ஒரு முக்கோணத் துண்டை வெட்டித் துவைத்து மடித்து, மகனுடைய பையிலோ கணவருடைய வண்டியிலோ வைத்துவிடுங்கள். அது ஒருநாளும் தேவைப்படாமல் இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! தேவைப்பட்டால், அது வழியில் விழுந்து கிடக்கும் யாரோ ஒருவரின் கையைத் தாங்கட்டும்.